சைக்கிளில் ஒரு க்ஷேத்ராடனம்

(புனே, ஔந்தில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கம்போடியா என்று ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் முடியாது, அரைமணி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். டிபன் தயாராக இருக்கிறது என்பது எனக்கும் வாசனையிலேயே தெரிகிறது.

2025 ஜனவரியில் நானும் என் அகத்துக்காரியும் கம்போடியாவில் ஆறு நாள் சைக்கிள் யாத்திரை போய் வந்தோம். எனக்கு அப்போது வயது 66, அவளுக்கு 61. மொத்தம் சுமார் 180 கிலோமீட்டர். "இந்த வயசில் இது தேவையா?" என்று கேட்டவர்கள் இந்த ஹாலிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் பேசப் போகிறேன்.

புனேக்காரர்களுக்கு சைக்கிளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்த ஊருக்கே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர். 1980களில் நான் பிம்ப்ரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிள்தான். புடவை கட்டிய ஸ்திரீகள் காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு சர்வ சாதாரணமாகப் போவார்கள். பிறகு ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது. 2017 டிசம்பரில் வாடகை சைக்கிள் திட்டம் தொடங்கியபோது ஔந்தும் அதில் இருந்தது. டிபி ரோடில் சைக்கிளுக்கென்று தனிப் பாதையும் போட்டார்கள். அதில் இன்று யார் நிறுத்திய கார் நிற்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. வாசலில் போய்ப் பார்த்தால் தெரியும். ஆனாலும் சைக்கிள் ஆசை இந்த ஊரை விட்டுப் போகவில்லை. ஆஷாட ஏகாதசியை ஒட்டிப் பண்டரிபுரத்துக்கு சைக்கிளிலேயே போய்ச் சேவித்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

என் மனைவி கதை வேறு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்ரஹாரத்தில் பிறந்தவள். அண்ணா, தம்பிகள் என்று மூன்று பேருக்கும் சைக்கிள் உண்டு, இவளுக்குக் கிடையாது. பெண் குழந்தை விழுந்து கையைக் காலை ஒடித்துக்கொண்டால் யார் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள் என்பது அவர்கள் அகத்துப் பாட்டியின் வாதம். 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, இவள் நாள் முழுக்கச் சமையலறையில் ஒன்றும் பேசாமல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 58 வயதில் எங்கள் சொஸைட்டி வளாகத்திலேயே கற்றுக்கொண்டாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர் வாட்ச்மேன். நான் ஓடவில்லை, எனக்கு முழங்கால் வலி.

இனி யாத்திரைக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பயணங்களில் எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள். நம் உயரத்தைச் சொன்னால் அதற்கேற்ற சைக்கிள், ஹெல்மெட் தயாராக இருக்கும். முன்னால் உள்ளூர் வழிகாட்டி போவார். பின்னால் ஒரு வேன் வரும், அதில் தண்ணீர், வாழைப்பழம், ஐஸில் நனைத்த துண்டு, பங்க்சர் ஒட்டுகிற ஆள். முடியாதவர்கள் ஏறிக்கொள்ளலாம், யாரும் கேலி செய்யமாட்டார்கள். எங்கள் குழுவில் எட்டுப் பேர். சியெம் ரீப் என்ற ஊரில் ஒரே ஹோட்டலில் தங்கி, தினமும் ஒரு திசையில் போய் வந்தோம். நிலம் பெரும்பாலும் சமதளம். சாந்தனி சௌக் ஏற்றத்தில் மூச்சு வாங்கியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். முதல் நாள் கிராமத்துப் பாதைகளிலேயே விட்டதற்கு அதுதான் காரணம். கை பழக வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்கள் அங்கோர் வாட் வாசலில் இறங்கி, படம் எடுத்து, ஏறி விடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது கோவிலை. சைக்கிளில் போனால் கோவிலுக்கு முன்னால் வயல், வயலுக்கு முன்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு முன்னால் ஏரி என்று எல்லாம் ஒழுங்காக வரிசையில் வரும். அந்த வரிசையைப் பார்த்தால்தான் அந்தக் கோவில்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்பது விளங்குகிறது.

முதலில் ஏரி. க்ஷேத்திரங்களை வழக்கமாக வாட் என்றும் பிரசாத் என்றும் சொல்கிறார்கள். பிரசாத் என்பது நம் பிராசாதம்தான். அங்கோர் என்ற பெயரே நகரம் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஏரிகளின் பழைய பெயர்களைக் கேட்டபோதுதான் எனக்குப் புல்லரித்தது. ரொலுவோஸ் பக்கத்தில் முதலாம் இந்திரவர்மன் 9ஆம் நூற்றாண்டில் வெட்டியது இந்திர தடாகம். அவன் மகன் யசோவர்மன் வெட்டியது யசோதர தடாகம். நீளம் சுமார் ஏழரை கிலோமீட்டர், அகலம் கிட்டத்தட்ட இரண்டு. 11ஆம் நூற்றாண்டில் இன்னும் பெரிதாக மேற்கே ஒன்று வெட்டினார்கள், அது எட்டு கிலோமீட்டர். மேற்கு ஏரியில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. யசோதர தடாகம் வற்றிவிட்டது. அதன் அடிமண்ணில் நெல் விளைகிறது. நடுவில் தீவாக இருந்த கிழக்கு மேபோன் கோவில் இப்போது தரைமேல் நிற்கிறது. அந்தக் காலத்தில் படகில் போன இடத்துக்கு நாங்கள் சைக்கிளில் போனோம். வரப்போரத்தில் எருமைகள் எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கின.

மேற்கு ஏரியின் நடுவில் உள்ள சின்னக் கோவிலில் 1936ஆம் வருஷம் ஒரு வெண்கலச் சிலை கிடைத்தது. அனந்தசயனப் பெருமாள். தலையும் தோள்களும் இரண்டு கைகளும் மட்டும்தான் மிச்சம். முழு உருவம் ஐந்து மீட்டருக்கு மேல் இருந்திருக்கும் என்கிறார்கள். 1296இல் சீனத் தூதுக் குழுவோடு வந்த சௌ தாகுவான் என்பவர், ஏரி நடுவே படுத்த நிலையில் ஒரு வெண்கல மூர்த்தி, அதன் நாபியிலிருந்து தண்ணீர் பெருகுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். புத்தர் என்றே அவர் எழுதினார். நாபியிலிருந்து எதையாவது வரவழைக்கக்கூடியவர் யார் என்று நமக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கு நடுவே படுத்திருப்பவரை நினைத்துக்கொண்டு ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை. சைக்கிள் யாத்திரையில் அது ஒரு சௌகரியம்.

நான்காவது நாள்தான் நீளமான நாள். சியெம் ரீப்பிலிருந்து பந்தியாய் ஸ்ரேய் 37 கிலோமீட்டர். முந்தின ராத்திரியே வழிகாட்டி என் மனைவியிடம் பாதித் தூரத்தில் வேனில் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அவள் சரி என்றுதான் சொன்னாள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அங்கோரைத் தாண்டியதும் இருபுறமும் வயல், வயல் நடுவே பனைமரங்கள். நம் பனைமரமேதான், வேறு ஜாதி இல்லை. தமிழ்நாட்டுக்கு அது மாநில மரம், கம்போடியாவுக்கு அது தேசிய மரம். பிரேயா தாக் என்ற கிராமத்தில் ரோட்டோரமாகவே பெரிய பெரிய இரும்புச் சட்டிகளில் பதநீரைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். வட்ட வட்டமாக ஊற்றி, பனையோலையில் பொதிந்து விற்கிறார்கள். வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்ட என் மனைவி, "சுக்கு இல்லாத கருப்பட்டி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, நாலு பொதி வாங்கினாள். காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாளும் இவளும் அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள். இவளுக்கு க்மேர் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அகப்பையை எப்படிப் பிடித்துக் கிளறுவது என்பதில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

பாதித் தூரத்தில் வேன் நின்றது. குழுவில் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள், அவர்களுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். இவள் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பந்தியாய் ஸ்ரேய் சின்னக் கோவில். சிவப்புக் கலந்த மணற்கல், சந்தனக் கட்டையில் செதுக்கினாற்போல் வேலைப்பாடு. கி.பி. 967இல் பிரதிஷ்டை. கட்டியவர் ராஜா இல்லை. யக்ஞவராஹர் என்ற பண்டிதரும் அவருடைய சகோதரரும். அன்றைக்கு ஸ்வாமியின் பெயர் திரிபுவன மகேஸ்வரர். ராவணன் கைலாசத்தை அசைப்பது, மன்மத தகனம், நரசிம்மர் என்று நமக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே இருக்கிறது. 1923இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ இங்கிருந்து சிற்பங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார். பின்னாளில் அவரே பிரான்சுக்குக் கலாசார மந்திரி!

கிழக்கு வாயில் முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வழிகாட்டி வேறு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். இவள் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், "காரைக்கால் அம்மையார்!" என்றாள். ஆமாம், ஆய்வாளர்களும் அந்த உருவத்தை அப்படித்தான் அடையாளம் காண்கிறார்கள். பெண் என்ற அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று வரம் வாங்கிக்கொண்டு தலையால் கைலாசம் ஏறியவள், கடல் தாண்டி அங்கேயும் போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு கிலோமீட்டர் மிதித்து வந்த என் மனைவி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன். வியர்வை என்று சொன்னாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம்மில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். எங்கள் குழுவில் இருந்த ஓர் இந்திய நண்பர், எந்தக் கோவிலுக்குப் போனாலும் வழிகாட்டியிடம், "இதெல்லாம் எங்கள் ஆட்கள் கட்டிக்கொடுத்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழிகாட்டி மரியாதையாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தா ப்ரோம் கோவிலில், "ஐயா, கல் சுமந்தவர்கள் எங்கள் பாட்டன்மார். அவர்கள் பெயர் கல்வெட்டில் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

அதன் பிறகு நான் யோசித்துப் பார்த்தேன், ஊருக்கு வந்து படித்தும் பார்த்தேன். தொடர்பு உண்டு, சந்தேகமே இல்லை. க்மேர் லிபி பல்லவ லிபியின் வழி வந்தது. காஞ்சியில் மகேந்திரவர்மன் இருந்த அதே காலத்தை ஒட்டி அங்கேயும் ஒரு மகேந்திரவர்மன் இருந்தான். ஆனால் ஸ்தோக் காக் தோம் என்ற இடத்துக் கல்வெட்டைப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 802இல் இரண்டாம் ஜயவர்மன் மகேந்திர பர்வதத்தில் சக்ரவர்த்தியாக முடிசூடியதையும், அவனுடைய புரோகிதர் சிவகைவல்யர் வம்சத்தார் இருநூற்றைம்பது வருஷம் அந்தப் பதவியை வகித்ததையும் அது சொல்கிறது. சம்ஸ்கிருதத்திலும் க்மேரிலும் எழுதியிருக்கிறது. அந்தப் புரோகிதப் பதவி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகவில்லை. தாய்வழியில், மாமாவிடமிருந்து மருமானுக்குப் போயிற்று. யக்ஞவராஹரோ ஒரு ராஜாவின் பேரன். எந்த தர்ம சாஸ்திரத்தில் இதெல்லாம் இருக்கிறது? வேதமும் சிவனும் அங்கே போனது உண்மை. போன இடத்தில் அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் வழக்கத்துக்கு ஏற்பத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. நாம் புனேக்கு வந்து சோளத்துக்குப் பக்கத்தில் சாம்பார் வைத்துக்கொள்ளவில்லையா?

தா ப்ரோம் கல்வெட்டு 1186ஆம் வருஷத்தது. அந்த ஒரு கோவிலுக்கு 3,140 கிராமங்கள் அளந்தன என்கிறது. ஆடல் மகளிர் மட்டும் 615 பேர். நம் ராஜராஜன் பெரிய கோவிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்களைக் கொண்டுவந்து குடியேற்றியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவின் பங்கு வேறொன்று இருக்கிறது, அதைத் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். 1986 முதல் 1993 வரை, யுத்தம் முழுக்க ஓயாத காலத்தில், அங்கோர் வாட்டில் பராமரிப்பு வேலை செய்தது நம் தொல்லியல் துறை. தா ப்ரோமிலும் 2003 முதல் வேலை. நான் அதை வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் கை கூப்பினார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். 1975 முதல் 1979 வரை க்மேர் ரூஜ் ஆட்சியில் பட்டினியாலும் வியாதியாலும் கொலையாலும் பதினைந்திலிருந்து இருபது லட்சம் பேர் செத்துப்போன தேசம் அது. கண்ணாடி போட்டிருந்தால் படித்தவன் என்று சந்தேகப்பட்ட காலம். அவருடைய தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள் என்று தினமும் காலையில் ஒரு தடவை சொல்லுவார். சுற்றுலா இடங்களில் கண்ணிவெடிகளை அகற்றிவிட்டார்கள், ஆனாலும் பழக்கம் விடவில்லை. பந்தியாய் ஸ்ரேய் போகும் வழியில் கண்ணிவெடி மியூசியம் ஒன்று இருக்கிறது. சின்னப் பையனாகப் போரில் இழுக்கப்பட்டு, பிறகு தன் கையாலேயே வெடிகளை எடுத்து அகற்றிய ஆகி ரா என்பவர் ஆரம்பித்தது. திரும்பும்போது வேனில் வந்ததால் அங்கே இறங்க நேரம் கிடைத்தது. பார்க்காமல் வராதீர்கள்.

அங்கோர் வாட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் மகாவிஷ்ணுவுக்குக் கட்டியது. மேற்கு பார்த்த சந்நிதி. அகழியே 190 மீட்டர் அகலம். பாற்கடல் கடையும் சிற்பம் ஒன்றே சுமார் 49 மீட்டர் நீளம். சரசயனத்தில் பீஷ்மரும் இருக்கிறார். இவற்றைவிட என் மனசில் நின்றது மேற்கு கோபுரத்துக்குள் நிற்கும் எட்டுக் கை விஷ்ணு. தா ரீச் என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் பௌத்தர்கள். ஆனாலும் அவருக்குப் பட்டு சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, பழம் வைத்து, குழந்தைக்கு ஜுரம் என்றும் பரீட்சை என்றும் வேண்டிக்கொள்கிறார்கள். சம்ப்ரோக்ஷணம், ஆறுகால பூஜை எல்லாம் நின்று எத்தனையோ நூறு வருஷம் ஆயிற்று. பெருமாள் பட்டினியாக இல்லை. இவள் ஓரமாக நின்று சஹஸ்ரநாமம் சொன்னாள். பக்கத்தில் ஒரு க்மேர் பாட்டி தன்னிடமிருந்த ஊதுவத்தியில் மூன்றை எடுத்து இவள் கையில் கொடுத்தாள்.

சைக்கிள்காரர்களுக்கு மட்டுமே வாய்க்கிற இடம் ஒன்று உண்டு. அங்கோர் தோம் நகரத்தின் மதில் ஒரு பக்கம் மூன்று கிலோமீட்டர், உயரம் எட்டு மீட்டர். அதன் மேலேயே மண்பாதை இருக்கிறது. ஒரு புறம் காடு, மறு புறம் கீழே அகழி. காரும் பஸ்ஸும் வர முடியாது. காலை வேளையில் பட்சிகளின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கிபால் ஸ்பியன் என்ற மலை ஆற்றுக்கு வேனில் போய், ஒன்றரை கிலோமீட்டர் நடந்து ஏற வேண்டும். ஆற்றுப் படுகைப் பாறையிலேயே நூற்றுக்கணக்கில் சிவலிங்கங்களும், லக்ஷ்மி காலடியில் இருக்கப் பள்ளிகொண்ட பெருமாளும் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் அவற்றின் மேலேயே ஓடுகிறது. அபிஷேக தீர்த்தமாகக் கீழே இறங்கி ஏரிக்கும் வயலுக்கும் போகட்டும் என்று செய்தது. மலையில் லிங்கம், கீழே தடாகம், அப்புறம் நெல், அப்புறம் அன்னம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட பஞ்சமும் இடையிடையே பெருமழையும் வந்து வாய்க்கால்கள் தூர்ந்து உடைந்தன. அந்த மகா நகரம் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். காவிரிக் கரையிலிருந்து வந்து முளா நதிக்கரையில் குடியிருக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

இனி நீங்கள் கேட்கப் போகும் கேள்விகளுக்கு வருகிறேன். சாப்பாடு: அவர்கள் சமையலில் பிரஹோக் என்ற மீன் விழுது எதிலும் இருக்கும். வழிகாட்டி முன்கூட்டியே சொல்லி வைத்தார். சாதம், காய்கறி, டோஃபு கிடைத்தது. ஆனாலும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கையோடு கொண்டுபோங்கள். டிரெஸ்: கோவிலுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆகவே அரை நிஜார் மேல் மாட்டிக்கொள்ள ஒரு முழுப் பேன்ட் பையில் இருக்கட்டும். அனுமதிச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்தது. அதனால் பாங்காக்கிலிருந்து தரைவழியாகப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள், கிளம்புமுன் அரசாங்க அறிவிப்பைப் பாருங்கள். விமானத்தில் போனால், 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

முழங்கால் வலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் டாக்டர் நடப்பதைவிட சைக்கிள் தேவலை என்றார். கிளம்புவதற்கு மூன்று மாசம் முன்பிருந்தே வாரத்தில் நாலு நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மிதித்துப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பரிஹார் சௌக்கிலிருந்து பாஷாண் ஏரிவரை ஒரு ஏழெட்டுப் பேர் போய் வருகிறோம். முன்னால் போவது என் அகத்துக்காரி. சைக்கிள் இல்லாதவர்களுக்கு எங்களிடம் ஒன்று உபரியாக இருக்கிறது, சீட்டை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும்.